பெயிண்ட் கடைசியில்தான்

அன்பின் மகளுக்கு,

இங்கு நாங்கள் நல்ல சுகம். நீ இங்கிலாந்திலிருந்து அனுப்பிய காசு வந்து சேர்ந்தது. எங்கள் பழைய மொரிஸ் மைனர் காருக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்து, மச்சாளின் கல்யாணத்துக்குப் பொம்பிளையை அதில் கொண்டுபோக வேண்டும் என்று நீ அம்மாவிடம் சொன்னதையும் கேட்டேன். போனில் கதைத்தால் உன்னை வெல்ல முடியாது, அதுதான் எழுதுகிறேன். காசை அப்படியே வைத்திருக்கிறேன். இப்போதைக்கு அதில் ஒரு சதமும் பெயிண்டுக்குப் போகாது.

கார் ஏன் இப்படி ஆனது என்று உனக்குத் தெரியும். 2020இல் ஊரடங்கோடு ஓட்டம் குறைந்தது. 2022இல் பெற்றோல் வரிசை. கியூஆர் பங்கீடு வந்து காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று அளந்து தந்தபோது, அதை வரிசையில் நின்று வாங்கி உலாத்தப் போக யாருக்கு மனம் வரும்? நின்றது நின்றதுதான். ஓடுகிற காரைவிட நிற்கிற கார்தான் கெதியாகக் கெடும், அதுவும் வெள்ளவத்தையில் கடலுக்கு இவ்வளவு கிட்ட. டாங்கியில் இருந்த பெற்றோல் பசையாகிவிட்டது. பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி, சில்லுகளுக்குள் இருக்கிற சிலிண்டர்களை இறுக்கிவிட்டது. உப்புக்காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது.

இப்போது தெஹிவளையிலிருந்து மெக்கானிக் பாஸ் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார். தமிழ் கொஞ்சம், சிங்களம் கொஞ்சம், மிச்சத்தைச் சுத்தியல் கதைக்கும். வந்த அன்று பொனற்றை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. பாயை விரித்துக் காருக்குக் கீழே படுத்து, சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். நல்ல தகரம் கணீரென்றது. பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் கொழுவுகிற இடத்தில் ‘தொப்’ என்றது. அங்கே ஸ்குரூ ட்ரைவரை வைத்து ஒரு அமத்து அமத்தினார், பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. பிறகு கையை வெளியே நீட்டிக் காட்டினார். உள்ளங்கை நிறையக் கறள் செதில், ஓட்டையை அடைக்கிற புட்டி விரல் தடிப்பில் ஒரு கட்டி, அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு பிஸ்கட் தகரத் துண்டு. அதில் அச்சடித்த நீலப் பூ இன்னும் அழியவில்லை. ‘எல்லாம் வெல்ட் பண்ணியாச்சு ஐயா’ என்று முந்தி ஒரு கராஜில் சொல்லிக் காசு வாங்கிய வேலை அது. மேலே பெயிண்ட் மட்டும் பளபளவென்று இருந்தது. நீயும் அதைத் தடவிப் பார்த்து நல்லாயிருக்கு என்றாய்.

இந்தக் காருக்கு லொறிக்கு இருப்பதுபோல அடியில் தனிச் சட்டம் கிடையாது. தகரக் கூடுதான் அதன் எலும்பு. கதவுகளுக்கு அடியில் நீளமாக ஓடும் பெட்டித் தகரம் இருக்கிறதல்லவா, நீ சின்னதில் ஏறி நின்று குதிப்பாயே, அது அழகுக்கு வைத்ததில்லை. அது உக்கினால் கார் நடுவில் தொய்யும், கதவு பூட்டாது. இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் வெட்டினால் கூடு கோணிவிடும். பிறகு எந்தக் கதவும் தன் இடத்தில் உட்காராது. அதனால் ஒரு பக்கம் வெட்டி, கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் முட்டுக்கொடுத்து, புதுத் தகரம் வெல்ட் பண்ணி, அது முடிந்த பிறகே மற்றப் பக்கம். இப்போது இடப்பக்கம் முடிந்துவிட்டது. ஒவ்வொரு வெல்டையும் நான் படுத்துப் பார்க்கிறேன். அம்மாவுக்கு அதுதான் கவலை, ‘எழும்பேக்க முதுகு பிடிக்கப்போகுது’ என்று.

அடுத்தது பிறேக். மாஸ்டர் சிலிண்டர் எங்கே இருக்கிறது தெரியுமா? சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே, கூட்டின் அடிப்பெட்டித் தகரத்துக்குள்ளே. எண்ணெய் பார்க்கவே கார்ப்பெட்டைத் தூக்கி மூடியைக் கழற்ற வேண்டும். அதை வெளியே எடுக்கப் போனால் முன் சஸ்பென்ஷனின் முறுக்குக் கம்பி குறுக்கே நிற்கும், அதையும் இளக்க வேண்டும். இவ்வளவு பாடுபடுவதற்குக் காரணம், நான்கு சில்லுகளுக்கும் ஒரே பிறேக் லைன். எங்கேயாவது ஒரு ரப்பர் கசிந்தால் பெடல் தரைக்குப் போய்விடும், பிறகு கைப்பிறேக்தான் கதி. காலி வீதியில் பஸ்காரர் குறுக்கே வெட்டுகிற நேரம் கைப்பிறேக்கைத் தேடுவதை யோசித்துப் பார். பொம்பிளையை ஏற்றிக்கொண்டு!

ஜப்பான் எஞ்சின் ஒன்று போட்டால் என்ன என்று மருமகன் கேட்டாராம். நல்ல எண்ணத்தில்தான் கேட்டிருப்பார், இங்கே நிறையப் பேர் போட்டும் இருக்கிறார்கள். ஆனால் இந்தக் கார் 948 சிசி, 37 குதிரை வலு, முன்னுக்கு 7 அங்குல டிரம் பிறேக். அந்த வேகத்துக்கு அந்தப் பிறேக். இரண்டு மடங்கு வலுவுள்ள எஞ்சினை வைத்தால் பிறேக்கையும் மாற்ற வேண்டும், கியர்பெட்டி, பின் அச்சு எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போய் எஞ்சின் நம்பரையும் புத்தகத்தில் மாற்ற வேண்டும். அதற்குப் பிறகு மிச்சம் இருப்பது மொரிஸின் தோல் மட்டும். பழைய எஞ்சினுக்கு ஒன்றும் இல்லை. டாங்கியைக் கழுவி, கார்புரேட்டரைத் திறந்து துடைத்து, வால்வு இடைவெளியை 12 தவ் (அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு) வைத்தோம், பிடித்துக்கொண்டது. பெற்றோல் பம்ப் மட்டும் சாவி போட்டதும் டிக்டிக் என்று அடிக்காமல் பழையபடி அடம். நீ பள்ளிக்கூடச் சப்பாத்தைக் கழற்றிக் குதியால் தட்டுவாயே, அதே பம்ப். உள்ளே இருக்கிற பொயின்டைத் தேய்த்துவிட்டேன், இனிச் சப்பாத்து தேவையில்லை.

நிறத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டாஷ்போர்டைக் கழற்றியபோது உள்ளே அப்பப்பா வாங்கிய காலத்துச் சாம்பல் நிறம் அப்படியே இருந்தது, 1959ஆம் ஆண்டு அடித்தது. நம்பர் தகட்டில் சிங்கள எழுத்தில் ‘1 ஸ்ரீ’. அதற்கு முந்திய வருடம்தான் அந்த எழுத்துக்கு வடக்கில் தார் பூசினார்கள், பதிலுக்குக் கொழும்பில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசினார்கள். அப்பப்பா ஒன்றும் சொல்லாமல் தகட்டைப் பூட்டிக்கொண்டு கந்தோருக்குப் போனார். பெயிண்ட் அடிக்கும் நாள் வந்தால் அந்தச் சாம்பல்தான் அடிப்பேன். சிவப்பு வேண்டுமென்றால் நீ ஒரு சிவப்புச் சேலை கட்டு.

விற்கும்படி கேட்டும் ஆட்கள் வந்தார்கள். 2020இலிருந்து 2025 வரை கார் இறக்குமதி நின்றிருந்ததால் ஓடுகிற எதற்கும் கொழும்பில் தங்கவிலை. ஓடாத எங்கள் காருக்கே ஒருவர் முற்பணத்தோடு வந்து நின்றார். அம்மா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டாள்.

சரி, உன்னிடம் கேட்க வந்ததைக் கேட்கிறேன். கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் போல்ட், பேரிங், வயர், பல்ப் எல்லாம் எடுத்துவிட்டேன். ஆனால் அங்கே இப்போது ஜப்பான் சாமான்தான் மலை மலையாக. ஒருகாலத்தில் மொரிஸ் மைனர் தகரங்களை இந்த நாட்டிலேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள், இன்று நான் உன்னிடம் கேட்க வேண்டியிருக்கிறது. மாஸ்டர் சிலிண்டருக்கு ரப்பர் கிட், நான்கு சில்லுகளுக்கும் வீல் சிலிண்டர், முன் சில்லு இரண்டுக்கும் கீழ் ட்ரனியன். இந்த ட்ரனியனை மறந்துவிடாதே. சில்லு திரும்புகிற மரை அதற்குள் இருக்கிறது. 1000 மைலுக்கு ஒருமுறை கிறீஸ் அடிக்காவிட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் சில்லு வெளியே மடங்கிவிடும். எங்களுடையதைக் கையால் ஆட்டினாலே ஆடுகிறது.

கடையில் 948 சிசி என்று சொல்லிக் கேள். பிந்திய 1098 சிசிக்கு முன்னுக்கு 8 அங்குல டிரம், அந்தச் சாமான் இதற்கு ஏறாது. தபாலில் போடாதே, பெட்டியில் கொண்டுவா. நேரம் கிடைத்தால் மருமகனையும் கூட்டிக்கொண்டு ஒக்ஸ்போட்டுக்குப் பக்கத்தில் கௌலிக்கு ஒருமுறை போ, இந்தக் கார் பிறந்த இடம் அது. இப்போது பி.எம்.டபிள்யூகாரர் அங்கே மினி செய்கிறார்கள். மொரிஸ் மைனரையும் முதல் மினியையும் வரைந்தவர் ஒரே ஆள், அலெக் இசிகோனிஸ். கடைசி நேரத்தில் மொரிஸை நடுவால் பிளந்து 4 அங்குலம் அகட்டியவர். பொனற்றின் நடுவில் ஓடுகிற அந்தத் தட்டைப் பட்டி அதனால் வந்ததுதான்.

கல்யாணத்துக்கு மாமா வெள்ளைக் கார் ஒன்று வாடகைக்குப் பேசட்டும். அதற்குள் பிறேக் பிடித்தால் மொரிஸும் வரும், பிரைமர் பூசிய மேனியோடு, நானும் அம்மாவும் மட்டும் ஏறி. டிக்கட் போட்டதும் திகதியைச் சொல். சாமான் வரும் நாளைச் சொன்னால்தான் பாஸ் அந்த ஞாயிறுகளில் வேறு வேலை எடுக்காமல் இருப்பார்.

அன்புடன்,
அப்பா