நூல் தெரியும்வரை ஓடாதே, பிள்ளை

பரந்தன்

அன்புள்ள மகளுக்கு,

வட்ஸப்பில் சொல்லத் தொடங்கினால் நடுவில் அம்மா போனைப் பறித்துக்கொள்வா, அதனால் எழுதியே அனுப்புகிறேன். நீ அனுப்பின உன் மோட்டார்சைக்கிள் ரயரின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின் ரயர் நடுவில் சப்பையாகிவிட்டது. ஓரங்களில் வெட்டுகள் புதுசு போல இருக்கின்றன, நடுவில், தேய்மானத்தைக் காட்ட வெட்டுக்குள் வைத்திருக்கும் கட்டையின் மட்டத்துக்கு ரப்பர் இறங்கிவிட்டது. மோட்டர்வேயில் நேராகவே ஓடினால் எந்த ரயரும் இப்படித்தான் ஆகும். வளைவில் சரிக்கும்போது வண்டி முதலில் அடம்பிடித்து, பிறகு திடீரென்று விழப்பார்க்கிறது என்றாயே, அதற்கும் காரணம் இதுதான். உருண்டையாக இருக்கவேண்டிய ரயரில் இரண்டு பக்கமும் விளிம்பு கட்டிவிட்டது. சஸ்பென்சனில் பிழை தேடிக் காசைக் கொட்டாதே.

இன்னும் ஒரு மாதம் ஓடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். அங்கத்தைய பிரித்தானியச் சட்டத்துக்கு ரயரின் முக்கால்வாசி அகலத்தில் 1 மில்லிமீற்றர் ஆழம் இருந்தால் போதும். மழைக்கு அது போதாது.

இந்தக் கேள்வி உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது வன்னிக்குள் ரயர் வருவது குதிரைக்கொம்பு. இரண்டு சொட்டுப் பெற்றோல் காட்டி உதைத்து, மண்ணெண்ணெயில் ஓட்டின ஹொண்டா எம்.டி.90 மோட்டார்சைக்கிள்களுக்கு, உள்நூல் வெளியே தெரிந்த பிறகும் பழைய ரயரில் ஒரு துண்டு வெட்டி உள்ளே வைத்து ஓட்டினோம். கராஜில் நானே எத்தனையோ பேருக்கு அப்படிச் செய்து கொடுத்திருக்கிறேன். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குப் புது ரயர் வாங்குவது வீண்செலவாகத்தான் தெரியும். ஆனால் அந்த வண்டிகள் குண்டும் குழியுமான வீதியில் முப்பதைத் தாண்டினாலே பெரிய காரியம். உன்னுடைய யமஹா எம்.ரி.09 890 சிசி, நூற்றுக்கு மேற்பட்ட குதிரைவலு. அந்தச் சிக்கனத்தை அரிசியில் காட்டு, சீலையில் காட்டு, இதில் வேண்டாம்.

சரி, எதை வாங்குவது? உன் சிநேகிதர்கள் சொல்லும் ரேஸ் ரக ரயர் உனக்குத் தேவையில்லை. அந்த ரப்பர் மென்மையானது, நல்லாய்ச் சூடேறினால்தான் முழுப்பிடி பிடிக்கும். காலையில் குளிரில் வேலைக்குப் போகிற நீ அதைச் சூடாக்கும் முன்பே ஒபிஸ் வந்துவிடும். மோட்டர்வேயில் சீக்கிரம் தேய்ந்தும் போகும். ஸ்போர்ட் ரூறிங் என்று ஒரு வகை இருக்கிறது, அதைக் கேள். மிஷலின் றோட் 6, பிரெல்லி ஏஞ்சல் ஜிரி 2, பிரிட்ஜ்ஸ்டோன் ரி32 எல்லாம் அந்த வகைதான். பின் ரயரின் நடுவில் கடினமான ரப்பர், ஓரத்தில் மென்மையானது. சிலிக்கா கலந்திருப்பதால் ஈரத்திலும் குளிரிலும் பிடிக்கும். மூன்றில் எது மலிவாகக் கிடைக்கிறதோ அதை எடு. முன்னும் பின்னும் ஒரே ரகமாக, சோடியாக மாற்று. முன் ரயர் இன்னும் ஓடும் என்று கடைக்காரன் சொல்லக்கூடும், ஓடும்தான், ஆனால் உருவம் மாறிப்போன பழையதும் உருண்டையான புதியதும் வளைவில் ஒத்துப்போகாது.

அளவை மாற்றாதே. முன்னுக்கு 120/70, பின்னுக்கு 180/55, இரண்டும் 17 அங்குலம். பின்னால் 190 மில்லிமீற்றர் அகல ரயர் போட்டால் பார்க்க எடுப்பாக இருக்கும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தாய். உன் பின் ரிம் 5.5 அங்குல அகலம். அதில் 190ஐத் திணித்தால் ரயர் இரண்டு பக்கமும் நெரிபட்டு உருவம் மாறும், வண்டி வளைய மறுக்கும். அளவுக்குப் பக்கத்தில் உள்ள எண்ணையும் பார். பின்னுக்கு 73 என்று இருக்கும், 365 கிலோ தாங்கும் என்று கருத்து. முன்னுக்கு 58, அது 236 கிலோ. அதற்குக் குறைந்ததை விலையைப் பார்த்து வாங்கிவிடாதே.

பூட்டுமுன் பக்கச்சுவரில் நாலு இலக்கத்தைத் தேடிப் பார். 1523 என்றிருந்தால் 2023ஆம் ஆண்டின் 15ஆம் வாரம் செய்தது. அங்கே பாதி தேய்ந்த ரயரை மலிவாக விற்கிற கடைகளும் உண்டாம், அந்தப் பக்கமே போகாதே. ஆணி ஏறினால் ஒட்டுப்போட்டு ஓடலாமா என்று பிறகு கேட்பாய். ஒட்டுப்போட்டே உன்னைப் படிப்பித்த நான் சொல்கிறேன், அந்த வேகத்துக்கு என் ஒட்டை நானே நம்பமாட்டேன். வீடு வந்து சேரப் பார், பிறகு மாற்று.

புது ரயர் முதலில் வழுக்கும், மேற்பரப்பு அவ்வளவு மினுக்கம். முதல் 160 கிலோமீற்றர் அளவுக்கு மெதுவாக ஓடு, சரிவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு, பிறேக்கைத் திடீரென்று பிடிக்காதே. நனைந்த வெள்ளைக் கோடும் இரும்பு மூடியும் பங்குனியில் நம் தார் வீதியில் காயப்போட்ட நெல் மாதிரி, எந்த விலை ரயரும் அதில் நிற்காது. வண்டியை நிமிர்த்திக் கடந்துவிடு. காற்று முன்னுக்கு 36 பி.எஸ்.ஐ., பின்னுக்கு 42, ஓடுமுன் குளிராக இருக்கும்போதே அளந்து பார். எங்களைப் போலக் கட்டைவிரலால் அமத்திப் பார்த்துத் திருப்திப்படாதே, ஒரு கேஜ் வாங்கி வை.

இன்னொன்று, மறந்துவிடப் போகிறேன். சில்லைக் கழற்றியிருக்கும்போதே பெயாரிங்கை விரலால் சுற்றிப் பார்க்கச் சொல்லு. கரகரத்தால் அப்போதே மாற்றிவிடலாம், பிறகு அதற்கென்று இன்னொருமுறை கூலி கொடுக்கத் தேவையில்லை. ரயரிலுள்ள அம்புக்குறி முன்பக்கம் சுற்றுகிறதா என்று நீயே பார்த்துவிட்டு வண்டியை எடு.

அப்பா