டிங்கிள் கடற்கரையில் எங்களை எதிர்த்திசையில் சுற்றவிட்ட பயணத் திட்டம்: புகார்

மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் சென்னை அலுவலகத்தில் பணம் கட்டி, ஜூன் மாதம் அயர்லாந்து போய்வந்த ஆறு பேர் குடும்பம் நாங்கள். ஒன்பது நாளில் எட்டு நாளைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. விடுதிகள் நன்றாக இருந்தன, விசா வேலையைத் தாமதமில்லாமல் முடித்துக் கொடுத்தீர்கள், அதற்கு நன்றி. இந்தக் கடிதம் ஐந்தாம் நாளைப் பற்றியது. அந்த ஒரு நாளுக்காகத்தான் நாங்கள் அயர்லாந்தையே தேர்ந்தெடுத்தோம்.

உங்கள் தாளில் இருந்தது இதுதான்: காலை 8 மணிக்குக் கில்லார்னியில் கிளம்பி, டிங்கிள் தீபகற்பத்தின் ஸ்லே ஹெட் பாதையைச் சுற்றி, கானர் பாஸ் கணவாயைக் கடந்து, மாலை 4 மணிக்கு மோஹர் செங்குத்துப் பாறைகள், இரவு கால்வே. இவ்வளவையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா என்று நான் முன்பே போனில் கேட்டேன். "மொத்தமே 350 கிலோமீட்டர்தான் சார், சென்னையிலிருந்து திருச்சி போகிற தூரம்" என்றார் உங்கள் ஊழியர். தூரம் என்னவோ சரிதான். ஆனால் அது நான்குவழிச் சாலை இல்லை. இரண்டு பக்கமும் கல்லடுக்குச் சுவர், அதன் மேல் ஃபியூஷியா புதர், திருப்பத்துக்குத் திருப்பம் ஆடு, எதிரே ஒரு கார் வந்தால் ஒருவர் ஒதுங்கி நின்றால்தான் இன்னொருவர் போக முடியும். பலகையில் எந்த வேகம் போட்டிருந்தாலும் அங்கே 30-ஐத் தாண்ட மனசு வராது.

முக்கியமான தவறுக்கு வருகிறேன். ஸ்லே ஹெட் பாதையைக் கோயில் சுற்றுவது போல வலமாகத்தான் சுற்ற வேண்டும். சட்டம் இல்லை, ஆனால் சுற்றுலாப் பேருந்துகள் எல்லாம் அப்படித்தான் போகின்றன, வருகிறவர்களுக்கும் அங்கே அதைத்தான் சொல்கிறார்கள். உங்கள் தாளில் முதலில் கலாரஸ் கல்கூடம், அப்புறம் டன்க்வின், அப்புறம் ஸ்லே ஹெட், கடைசியில் வென்ட்ரி என்று வரிசையாகப் போட்டு, அடியில் "இதே வரிசையில் செல்லவும்" என்று தடித்த எழுத்தில் வேறு அடித்திருந்தீர்கள். அது முழுக்க இடச்சுற்று. அது ஐரிஷ் மொழி பேசும் பகுதி, ஊர்ப் பலகைகளும் ஐரிஷில்தான் இருக்கின்றன. உங்கள் தாளில் உள்ள வென்ட்ரி அங்கே 'கியான் த்ரா'. வழிவிடச் சொல்லும் முக்கோணப் பலகையில்கூட 'கேல் ஷ்லீ' என்றுதான் எழுதியிருந்தது. இதைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்கலாம். புது ஊரில் வண்டி ஓட்டுகிறவன் உங்கள் தாளை நம்பித்தானே போவான்?

டன்க்வினுக்கு நீங்கள் ஒதுக்கியது 10 நிமிடம். என் அம்மா தனுஷ்கோடியில் பிறந்தவர், 1964 புயலோடு ஊரை விட்டு வந்தவர். டன்க்வினுக்கு எதிரே கடலில் கிரேட் பிளாஸ்கட் தீவு இருக்கிறது. 1953-இல் அங்கே மிச்சமிருந்தவர்களையும் அரசாங்கம் கரைக்குக் கொண்டுவந்துவிட்டது, கூரையில்லாத கல்வீடுகள் இந்தப் பக்கத்திலிருந்தே தெரிகின்றன. அம்மா புல்லில் உட்கார்ந்து, எந்த வீட்டில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள், தண்ணீருக்கு எங்கே போயிருப்பார்கள் என்று என் மகளிடம் பேசிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். மோஹருக்கு 4 மணிக்கு டிக்கெட் எடுத்தாயிற்று, பணம் திரும்ப வராது என்று நீங்கள் எழுதியிருந்ததால் நான் கடிகாரத்தைக் காட்டி அவரைக் கையைப் பிடித்து எழுப்பினேன். "இன்னும் கொஞ்ச நேரம்டா" என்றார். இல்லை அம்மா, நேரமாயிற்று என்றேன். இதை எழுதும்போதும் எனக்கு வலிக்கிறது.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஸ்லே ஹெட் வளைவு. எனக்கு இடப்பக்கம் மலையை வெட்டிய பாறை, வலப்பக்கம் குட்டையான கல்சுவர், அதற்கு அப்பால் நேரே கடல், பெரிய வெள்ளைச் சிலுவைச் சிற்பம் நிற்கும் அந்த இடத்தில், எதிரே ஒரு சுற்றுலாப் பேருந்து, அதன் பின்னால் ஏழெட்டு கார்கள். நாங்கள் ஏழு பேர் உட்காரும் காருக்குப் பணம் கட்டியிருந்தோம், விமான நிலையத்தில் கொடுத்ததோ ஒன்பது பேர் வேன். அந்த அகலமான வேனைப் பின்னோக்கி ஏற்ற வேண்டியதாயிற்று. பேருந்து ஓட்டுநர், அறுபது வயதுக்கு மேல் இருக்கும், இறங்கி வந்து, வேனின் பக்கவாட்டை உள்ளங்கையால் தட்டித் தட்டி, இப்படி வா, நில், இன்னும் கொஞ்சம் என்று கூடவே நடந்தார். அப்படியும் இடப்பக்கக் கண்ணாடி பாறையில் உரசி, கூடு உடைந்து ஒயரில் தொங்கியது. பிள்ளைகள் மூச்சுக் காட்டவில்லை. யார் இந்தப் பக்கமாக வரச் சொன்னது என்று அவர் கேட்டார். உங்கள் தாளைக் காட்டினேன். படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார்.

சரி, அதோடு முடிந்ததா? டிங்கிள் ஊருக்குத் திரும்பி கானர் பாஸ் பக்கம் போனால், 2 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு அனுமதி இல்லை என்று பலகை. ஆறு பேரும் பெட்டிகளும் ஏறிய வேன் அதைத் தாண்டிவிடும். வந்த வழியே திரும்பி டிராலி வழியாகச் சுற்றிப் போனோம். டார்பர்ட்டில் ஷானன் ஆற்றுமுகத்தைப் படகில் கடக்க வேண்டும் என்பதையே உங்கள் தாள் சொல்லவில்லை. எங்கள் கண்ணெதிரே ஒரு படகு கிளம்பிப் போக, அடுத்ததற்குக் காத்திருந்து, மோஹர் போய்ச் சேர்ந்தபோது மணி கிட்டத்தட்ட எட்டு. ஒரே பனிமூட்டம், 214 மீட்டர் உயரப் பாறையில் விளிம்புகூடச் சரியாகத் தெரியவில்லை. பனிக்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்காகத்தான் அம்மாவை எழுப்பிக் கூட்டிவந்தேன்.

கண்ணாடிக்காக வாடகை நிறுவனம் 420 யூரோ பிடித்துக்கொண்டது. "ஃபுல் இன்சூரன்ஸ் சார்" என்று நீங்கள் சொன்ன காப்பீட்டில் கண்ணாடி, டயர் இரண்டும் சேராது என்று அவர்கள் ஒப்பந்தத்தில் தெளிவாகவே இருக்கிறது. அதை எங்களுக்கு முன்கூட்டியே காட்டவேண்டியது உங்கள் வேலை.

எனக்கு வேண்டியது: 420 யூரோ, ஆறு பேருக்கான மோஹர் டிக்கெட் பணம், கேட்ட வண்டி தராததற்கான வித்தியாசத் தொகை. 15 நாளுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வேண்டும், இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். ரசீதுகள், உடைந்த கண்ணாடியின் படம், உங்கள் பயணத்தாள் எல்லாம் இணைத்திருக்கிறேன்.

இன்னொன்று, இதற்கு 15 நாள் காத்திருக்க முடியாது. நாங்கள் விசாவுக்கு வந்திருந்த அன்று, கைக்குழந்தையோடு ஒரு தம்பதி இதே திட்டத்தை ஆகஸ்ட்டுக்குப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். அவர்களை இன்றே கூப்பிடுங்கள். வலமாகச் சுற்றச் சொல்லுங்கள், டிங்கிளில் ஒரு இரவு தங்கச் சொல்லுங்கள், டன்க்வினில் எவ்வளவு நேரம் என்பதை அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஜூன் மாதக் குழுவில் வந்த உங்கள் வாடிக்கையாளர்