பாய்ஷிஜோவைத் தேடிப் போனோம்

அன்புள்ள மகளுக்கு,

நீ விரும்பியபடியே நானும் அப்பாவும், நாம் முன்பு குடியிருந்த, ஹாங்காங்கை ஒட்டிய சீன நகரமான ஷென்ஜென் போய்வந்தோம். தொலைபேசியில் அரைகுறையாகச் சொல்ல மனம் வராததால் எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹாங்காங்கிலிருந்து வரும்போது லுவோஹு எல்லையில் பெட்டிகளை இழுத்துக்கொண்டு வரிசையில் நின்ற காலம் போய்விட்டது. ஹாங்காங்கின் மேற்குக் கௌலூன் நிலையத்திலேயே இரு பக்க எல்லைச் சோதனையையும் முடித்துக்கொண்டு அதிவேக ரயிலில் ஏறினால், கால் மணி நேரத்துக்குள் ஷென்ஜெனின் ஃபூத்தியென் நிலத்தடி நிலையத்தில் இறங்கிவிடலாம். நகரப் பேருந்துகள், 16,000க்கும் மேற்பட்டவை, 2017ஆம் ஆண்டு முடிவதற்குள் முழுவதும் மின்சாரத்துக்கு மாறிவிட்டன. பெரிய சாலையின் ஓரத்தில் நின்றுகொண்டு, குரலை உயர்த்தாமல் நாங்கள் பேசினோம். வண்டிப் புகையால் சிறு வயதில் உன்னை விடாமல் வாட்டிய இருமல்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

ஆனால் நீ முக்கியமாகக் கேட்டது பாய்ஷிஜோவைப் பற்றி. நம் குடியிருப்பிலிருந்து நடந்துபோய்க் காய்கறி வாங்கிய, நகரத்துக்குள் அகப்பட்டுக்கொண்ட அந்தப் பழைய கிராமம் இப்போது இல்லை. எதிரெதிர் ஜன்னல்களில் நிற்பவர்கள் கைகுலுக்கிக்கொள்ளும் அளவுக்கு நெருங்கி நின்ற வீடுகளும், நண்பகலிலும் விளக்கெரிந்த சந்துகளும் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் உயரமான அடுக்குமாடிகள் எழுகின்றன.

அந்த நெருக்கம் எப்படி வந்தது என்று உனக்கு அப்போது புரிந்திருக்காது. 1980இல் சிறப்புப் பொருளாதார மண்டலம் அமைந்தபின் நகரம் சுற்றியிருந்த கிராமங்களின் விளைநிலங்களை எடுத்துக்கொண்டது; வீட்டுமனைகள் மட்டும் கிராமத்தாரிடமே தங்கின. அவர்கள் அவற்றின்மேல் மாடிமேல் மாடியாகக் கட்டி, வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். தொடக்கத்தில் சுமார் 3 லட்சம் பேர் இருந்த ஊரில் 2020 கணக்கெடுப்பின்படி 1.75 கோடிக்கும் மேற்பட்டவர்கள் வாழ்கிறார்கள். மூன்று நாளுக்கு ஒரு மாடி என்று குவோமாவ் என்ற வானுயர் கட்டடம் எழுந்த வேகத்தை எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். அப்படிக் கட்டிய கைகள் இரவில் எங்கே இளைப்பாறின என்று கேட்பவர் குறைவு. முதல் மாதச் சம்பளத்தை நம்பி ஒரு அறை எடுக்க இத்தகைய கிராமங்கள் இல்லாமலிருந்தால் இந்த நகரமே எழுந்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பாய்ஷிஜோவில் மட்டும் ஒன்றரை லட்சம் பேர் வரை குடியிருந்தார்கள். 2019இல் அவர்களைக் காலி செய்யச் சொன்னபோது, மனைக்கு உரியவர்களுக்கு ஈடாகப் புதிய வீடுகள் உறுதியாயின. வாடகைக்கு இருந்தவர்களுக்கு அந்த உரிமை இல்லை. முகவரியை வைத்தே பள்ளியில் இடம் கிடைக்கும் ஊரில், வீடு மாறினால் பிள்ளையின் படிப்பு என்னாகும் என்று பெற்றோர்கள் தவித்தார்கள். அந்தச் சந்துகளுக்குள் தீயணைப்பு வண்டி நுழைய முடியாது என்பதை நானும் அறிவேன். அவற்றை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆயினும், இருபது ஆண்டுகள் அங்கே உழைத்து வாழ்ந்தவரைக் கணக்கில் கொள்ளாத சீரமைப்பை என்னால் முன்னேற்றம் என்று சொல்ல இயலவில்லை. 'வந்துவிட்டால் நீயும் ஷென்ஜென்காரரே' என்ற அந்த ஊர் முழக்கத்தை நாமும் நம்பியவர்கள்தாமே.

வேறு வழி இல்லாமலில்லை. ஃபூத்தியென்னில் ஷுய்வெய் கிராமத்தில் இதே போன்ற 29 கட்டடங்களை இடிக்காமல் சீரமைத்து, மேலே நடைபாலங்களால் இணைத்து, 504 வீடுகளாக்கியிருக்கிறார்கள். அவை படித்த இளைஞர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. காய்கறிக்காரருக்கு அங்கே இடமில்லை என்பதுதான் என் வருத்தம்.

உனக்கு எப்போதும் ஒரு வெள்ளரிக்காயைச் சேர்த்துத் தரும், ஹூனான் மாகாணத்திலிருந்து வந்த காய்கறிக் கடை அக்காவைப் பற்றி விசாரித்தோம். வேலியருகே நின்ற காவலாளி அண்மையில் வேலைக்கு வந்தவர். அவருக்கு எதுவும் தெரியவில்லை. பழைய கடைக்காரர்கள் பலர் ஷென்ஜெனின் வடக்கேயுள்ள லொங்ஹுவா பகுதிக்கும் பக்கத்து நகரமான தொங்குவான் பக்கத்துக்கும் போய்விட்டதாகப் பழம் விற்கும் ஒருவர் சொன்னார். நீ போகும்போது, புறப்படுவதற்கு முன்பே உன் வங்கி அட்டையை அலிபே என்ற கைபேசிப் பணச் செயலியில் இணைத்துக்கொள்; சிறு கடைகளிலும் எல்லோரும் கைபேசியில்தான் பணம் செலுத்துகிறார்கள். லொங்ஹுவா சந்தைகளுக்குக் காலையிலேயே போய் விசாரி. உன் சீன மொழி என்னுடையதைவிட நன்றாக இருக்கும். அக்காவின் மகன் உன் வகுப்பு வயதுடையவன் என்பதையும் சொல்லிக் கேள்.

அன்புடன்,
அம்மா