பரடேயின் இரும்பு வளையம்

மஸ்கெலியா

அன்பு மகளுக்கு,

நேற்றிரவு தொலைபேசியில், பௌதிகவியலை விட்டுவிடப் போவதாகச் சொன்னாய். கணிதம் ஏறவில்லை, விரிவுரையின் ஆங்கிலம் பாதி புரியவில்லை, தோட்டத்துப் பாடசாலையில் படித்தவளுக்கு இது எட்டாது என்று அழுதாய். அம்மாவிடம் நான் சொல்லவில்லை. தூக்கம் வராமல் எழுந்து இதை எழுதுகிறேன்.

மைக்கேல் பரடேயை நீ ஒரு விதியாக மனனம் செய்தாய். எனக்கு அவர் ஒரு கொல்லனின் மகன். 1791இல் பிறந்தவர். 14 வயதில் லண்டனில் புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகச் சேர்ந்தார். கட்டுவதற்கு வந்த புத்தகங்களைப் படித்துத்தான் மின்சாரத்தைப் பற்றி அறிந்துகொண்டார். 1812இல் கடைக்கு வந்துபோகும் ஒருவர் கொடுத்த டிக்கெட்டில் ஹம்ப்ரி டேவி என்ற பெயர்பெற்ற இரசாயன விஞ்ஞானியின் விரிவுரைகளைக் கேட்கப் போனார். கேட்டதை எழுதி, படம் வரைந்து, தன் கையாலேயே தைத்து அட்டை போட்டு டேவிக்கு அனுப்பினார். ஏறக்குறைய 300 பக்கம். அடுத்த மார்ச்சில் டேவியிடமே உதவியாளர் வேலை கிடைத்தது. டேவியோடு ஐரோப்பாவுக்குப் போன இடத்தில், டேவியின் மனைவி அவரை வேலைக்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிடச் சொன்னாராம். அதைப் படித்த அன்று, துரை பங்களாவின் பின்வாசலில் நின்ற உன் பாட்டியைத்தான் நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து உருட்டும் ரோலரின் மோட்டார் எரிந்துபோனது. நானே கழற்றினேன். கருகிய வார்னிஷ் மணம் இன்னும் கையில் இருக்கிறது. நடுவில் சுழலும் உருளைக்கு வெளியிலிருந்து ஒரு கம்பிகூடப் போவதில்லை, அம்மா. சுற்றியிருக்கும் செம்புச் சுருளில் கரண்ட் ஓடினால், தொடாமலே அது சுழல்கிறது. அதற்கு வழி திறந்தது 1831 ஆகஸ்ட் 29. ஓர் இரும்பு வளையத்தின் இரு பக்கத்திலும் பரடே தனித்தனியாகக் கம்பி சுற்றினார். ஒரு பக்கத்தை மின்கலத்தில் இணைத்த கணத்தில், மறுபக்கத்துக் கம்பியருகே இருந்த காந்த ஊசி அசைந்து நின்றுவிட்டது. துண்டித்தபோது மீண்டும் அசைந்தது. மின்கலம் தொடாத கம்பியிலும் ஒரு கணம் கரண்ட் ஓடியதன் அடையாளம் அது. கரண்ட் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தபோது ஊசி அசையவே இல்லை. அந்தச் சிறு அசைவை விட்டுவிடாமல் பார்த்தாரே, அதுதான் அவருடைய படிப்பு.

கணிதம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பரடேக்கு உயர்கணிதம் தெரியாது. காந்தத்தைச் சுற்றி அவர் மனத்தில் கண்ட விசைக்கோடுகளைச் சமன்பாடாக்க மக்ஸ்வெல் என்ற பௌதிகவியலாளர் பின்னால் வரவேண்டியிருந்தது. ஆகவே நீ கணிதத்தைக் கற்கத்தான் வேண்டும். தாமதமானால் ஆகட்டும். ஆனால் எட்டாது என்ற சொல்லை இனி என்னிடம் சொல்லாதே.

காசல்ரீ நீர்த்தேக்கத்து நீர் நோர்ட்டன் பிரிட்ஜுக்கு இறங்கி, அங்கிருந்து லக்சபான மின்நிலையத்துக்குப் பாய்கிறது. 1950 முதல் அங்கே காந்தத்தையும் சுருளையும் வைத்து மின்சாரம் எடுக்கிறார்கள். அந்தக் கம்பிகள் நம் மலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தபோது, கீழே தோட்டத் தொழிலாளர் லயத்தில் நான் குப்பி விளக்கில் படித்தேன். சாதாரணதரத்தோடு நிறுத்தினேன். அந்தக் கம்பியில் ஓடுவது என்னவென்று எனக்குச் சொல்லித்தர அன்று யாரும் இல்லை.

எரிந்த மோட்டாரின் செம்புக் கம்பியில் நல்ல பகுதியை ஃபெக்டரி ஐயாவிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். இரும்பு வளையமும் கிடைத்துவிட்டது. தீபாவளிக்கு வரும்போது ஒரு காந்த ஊசி வாங்கி வா. உன் விரிவுரைக் குறிப்புகளையும் கொண்டு வா, தைத்துத் தருகிறேன்.

அப்பா