மக்கா, உன் ஸ்டீல் தட்டு தாக்குப்பிடித்துவிட்டது

அன்பு மக்கா,

தக்கலையில் மழை வெளுத்து வாங்குகிறதாமே, அம்மா சொன்னாள். பட்டறைக்குள் தண்ணீர் ஏறவில்லையே?

ஹைட்ரஜனையும் காற்றையும் வைத்துக் கரண்ட் எடுக்கும் என் எரிபொருள் செல்லுக்கு நீ கடைந்து அனுப்பிய தட்டு 650 டிகிரியில் நூறு மணி நேரம் தாக்குப்பிடித்துவிட்டது. முந்தையது 850இல் பொருக்குத் தட்டி உதிர்ந்ததே, அந்தக் கதை இல்லை. “சூடு கூடுனாத்தானே கரண்ட் கூடும், எதுக்குடே கொறைக்கே?” என்று போனில் கேட்டாய். கேள்வி சரிதான். எரிபொருள் செல்லின் நடுவே இருப்பது சிர்கோனியா என்ற பீங்கான் தகடு. காற்றிலுள்ள ஆக்சிஜன் அயனியாகி அதற்குள் நடந்துபோய் ஹைட்ரஜனைச் சேர வேண்டும். சூடு குறைந்தால் நடை தளரும். ஆனால் 850இல் ஓட்டினால் உலோகமும், வாயு கசியாமல் அடைக்கும் கண்ணாடி ஒட்டும் சீக்கிரம் போய்விடும். 700க்குக் கீழே உன் பட்டறை ஸ்டீலே தாக்குப்பிடிக்கிறது பார்!

அதனால் நடக்கிற தூரத்தைக் குறைக்கிறோம். தகட்டைப் பத்து மைக்ரான் படலமாக்கி, நிக்கல் கலந்த தடித்த அடிப்பகுதி தாங்கும்படி வைப்பது. 1400 டிகிரியில் சுடும்போது இரண்டும் ஒன்றுபோலச் சுருங்காவிட்டால் பப்படம்போல் வளைந்துவிடும். போன மாதம் பதினொன்று அப்படிப் போயின. தப்பிய ஒன்றும், கரண்ட் போய் உலை சட்டென்று ஆறியதில் கீறிவிட்டது.

அப்புறம் பொருளையே மாற்றிப் பார்த்தேன். சிர்கோனியாவுக்குப் பதில் கடோலினியம் சேர்த்த சீரியா, அதாவது சீரியம் ஆக்சைடு. 600இல் ஆக்சிஜனுக்கு நன்றாகவே வழிவிடுகிறது, ஆனால் ஹைட்ரஜன் பக்கம் எலக்ட்ரானையும் உள்ளுக்குள் கசியவிடுகிறது. ஒரு வோல்ட் வரவேண்டிய இடத்தில் எனக்கு 0.85.

எல்லோரும் நடுத்தகட்டையே பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், இனி மல்லுக்கட்டு காற்றுப் பக்க மின்முனையோடுதான். சூடு குறைந்தால் ஆக்சிஜனை உடைக்கவே அது சோம்பும். லாந்தனம், ஸ்ட்ரான்ஷியம், கோபால்ட், இரும்பு கலந்த ஒன்றைப் பூசிப் பார்க்கிறேன்.

சிர்கோனியா தரும் சிர்கான், சீரியம், லாந்தனம் மூன்றும் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் நம் காலில் ஒட்டிய கறுப்பு மணலில் கிடப்பவை, தெரியுமா? 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் அங்கே தோரியம் உள்ள மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டார். காஸ் விளக்கு மேண்டிலுக்குத் தோரியம் வேண்டியிருந்த காலம். அந்த மேண்டிலிலும் ஒரு சதவீதம் சீரியாதான்.

சரி, இன்னொரு தட்டு வேண்டும். காற்று ஓடும் பள்ளம் இரண்டு மில்லிமீட்டர் ஆழம். ஸ்டீலிலிருந்து குரோமியம் ஆவியாகி மின்முனையைக் கெடுக்கிறது, அதற்குப் பூச்சு நான் போட்டுக்கொள்கிறேன். பார்சலில் ஒரு சீப்பு மட்டிப்பழமும் வை. போன தடவை ஸ்டீலை மேலே வைத்துக் கூழாக்கிவிட்டாய்.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்