ஆஃபென்சிவ் லைனுக்கு மாற்று வீரர்கள் வேண்டும்: தலைமைப் பயிற்சியாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமைப் பயிற்சியாளர் அவர்களுக்கும் விளையாட்டுத் துறை இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கம். கடந்த சனிக்கிழமை நம் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணி ஆடியபோது, ஆட்டத்தின் மூன்றாவது கால்பகுதியில் (குவார்ட்டர்), வரிசையின் இடது ஓரத்தில் நிற்கும் நம் லெஃப்ட் டாக்கிள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த பிறகு என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். தோல்வியைத் தாங்கிக்கொள்ளும் மனம் இந்த அணியின் ரசிகர்களுக்கு உண்டு. ஆனால், ஒருவர் காயமடைந்ததும் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை எதிரணியிடமிருந்து காக்கும் ஐவர் கொண்ட ஆஃபென்சிவ் லைன் முழுவதும் குலைந்துபோவதைத் துரதிர்ஷ்டம் என்று சொல்லித் தள்ளிவிட முடியவில்லை.

அவருக்குப் பதிலாக இறங்க ஆயத்தமான டாக்கிள் எவரும் இல்லாததால், டாக்கிளுக்கு உட்புறத்தில் ஆடிப் பழகிய லெஃப்ட் கார்டை வெளியே நகர்த்தி, அவருடைய இடத்தில் முதலாண்டு மாணவர் ஒருவரை நிறுத்தினீர்கள். ஒரு காயம் இரண்டு இடங்களைப் பலவீனமாக்கியது. பந்து பின்னால் கொடுக்கப்பட்டு ஆட்டம் தொடங்கும் அடுத்த ஸ்னாப்பிலேயே எதிரணியின் முன்வரிசையினர் இருவர் குறுக்காக இடம் மாறிப் பாய்ந்தபோது, நம்மவர் இருவரும் ஒரே ஆளைத் தடுக்கப் போனார்கள். தடுக்க ஆளில்லாமல் நுழைந்த மற்றவர், வலப்பக்கம் பார்த்தபடி பந்தை எறிய நின்ற குவார்ட்டர்பேக்கை முதுகுப்புறமாக மோதித் தள்ளினார். அந்த இளைஞர் மெல்ல எழுந்து, தலைக்கவசக் கம்பியில் சிக்கிய புல்லைப் பிடுங்கி எறிந்துவிட்டு மீண்டும் வந்து நின்றார். அதன்பின், யாரும் நெருங்காதபோதும், பந்து கைக்கு வந்ததும் அவர் முதலில் திரும்பிப் பார்த்தது இடப்பக்கத்தைத்தான். அந்த அச்சத்துக்கு யார் பொறுப்பு என்று பணிவுடன் கேட்கிறேன்.

அந்த முதலாண்டு மாணவர்மீது குறை சொல்வது அநியாயம். இந்த இடத்துக்குரிய உடல்வலுவும், பக்கத்தில் நிற்பவரின் அசைவைப் பார்த்தே புரிந்துகொள்ளும் பழக்கமும் கைகூடப் பெரும்பாலும் இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். ஒரு பருவத்தில் நான்கு ஆட்டங்கள் வரை ஆடினாலும், கல்லூரி அணியில் ஆடுவதற்கான தகுதி ஆண்டுகளில் ஒன்றை இழக்க வேண்டியதில்லை என்ற விதி 2018இலேயே வந்துவிட்டது. அப்படியிருந்தும், பெரும் முன்னிலை பெற்ற செப்டம்பர் ஆட்டங்களில்கூட முதல் ஐவரையே கடைசிவரை ஆடவைத்தீர்கள்.

பல்கலைக்கழகங்கள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தர வழிவிட்ட 2025ஆம் ஆண்டு நீதிமன்றச் சமரசத்துக்குப் பின் அணியில் 105 பேருக்கு மேல் வைத்திருக்க முடியாது என்பதும், உதவித்தொகையின்றிச் சேர்ந்து பயிற்சியில் தோள்கொடுத்த பலரை அதனால் இழந்தோம் என்பதும் தெரியும். அப்படியானால் அந்த 105 இடங்களை இன்னும் கவனமாக அல்லவா பங்கிட வேண்டும்? 2025-26இல் ஒரு பல்கலைக்கழகம் தன் வீரர்களுக்கு ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை நேரடியாகப் பகிர்ந்தளிக்கலாம். நுழைவுச்சீட்டின் விலை ஏறிக்கொண்டே போகிறது, அரங்கத்தில் புதிய திரைகள் எழுகின்றன, பந்தைப் பிடித்து ஓடுபவர்களைச் சேர்க்கும்போதெல்லாம் விழா எடுக்கப்படுகிறது. அவர்களுக்காக அடிபடுகிறவர்களின் வரிசையில் மட்டும் ஆள் இல்லை. ஆதங்கத்தில் சற்று விலகிவிட்டேன், பொறுத்தருளுங்கள்.

வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் வசந்தகால மாற்றச் சாளரம் நீக்கப்பட்டுவிட்டதால், 2026இல் அந்தப் பதிவேடான டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் திறந்திருப்பது ஜனவரி 2 முதல் 16 வரை மட்டுமே. வசந்தகாலப் பயிற்சியில் ஓட்டை தெரிந்தால் அடைக்க வழியிருக்காது. ஆகவே, களத்தில் ஆடிய அனுபவமுள்ள டாக்கிள்கள் இருவரையும், வரிசையின் நடுவில் சென்டர் இடத்தில் நின்று ஸ்னாப் கொடுக்கத் தெரிந்த இன்னொருவரையும் அந்நாட்களுக்குள் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். சனிக்கிழமை தடுமாறிய அந்த மாணவர் மனம் வெறுத்து வேறு கல்லூரிக்குப் போய்விடாமல் அவரிடம் இந்த வாரமே பேசுங்கள். அடுத்த பருவம் தொடங்கும்போது இறங்கி ஆடத்தக்க பத்து லைன்மேன்கள் நமக்கு வேண்டும். இதை மீண்டும் ஒருமுறை பணிவுடன் வலியுறுத்துகிறேன்.

இப்படிக்கு,
பருவச்சீட்டு வைத்திருக்கும் முன்னாள் மாணவன்