படையிலிருந்து விலகியோரின் வரித் தாக்கல்: மாநில வருவாய்த் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க மாநிலங்களின் வருவாய்த் துறை ஆணையர்களுக்கு,

வணக்கம். வரித் தாக்கல் காலத்தில் கட்டணமின்றிப் படிவம் நிரப்பித் தரும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன். எங்களிடம் வருவோரில் அதிகம் தடுமாறுபவர்கள், ஆண்டின் நடுவில் படையிலிருந்து விலகி, கடைசியாகப் பணிபுரிந்த மாநிலத்திலேயே குடியமர்ந்தவர்கள். ஆண்டின் ஒரு பகுதிக்கு மட்டும் மாநிலத்தின் வசிப்பாளராக இருந்தவருக்கான பகுதியாண்டுப் படிவங்கள் பெரும்பாலும் வீடு மாற்றி வந்தவரை மனத்தில் வைத்தே எழுதப்பட்டிருக்கின்றன. மாநிலத்துக்குள் எப்போது வந்தீர்கள் என்ற கேள்விக்கு, வந்து நான்காண்டாகியும் சட்டப்படி சென்ற ஜூலையில்தான் வசிப்பாளரான ஒருவர் எந்தத் தேதியை எழுதுவார்?

2003ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட படையினர் நிவாரணச் சட்டப்படி, படை ஆணையின் பேரில் மட்டும் ஒரு மாநிலத்தில் இருப்பவர் அந்த ஒரு காரணத்தாலேயே அங்கு வரிக்குரிய வசிப்பாளர் ஆகிவிடுவதில்லை; அவருடைய படைச் சம்பளத்துக்கு அந்த மாநிலம் வரி விதிக்கவும் முடியாது. விலகும் நாளோடு இந்தப் பாதுகாப்பு முடிகிறது. அவரோடு வந்து தங்கி, அதே சலுகையைப் பெற்றுவந்த வாழ்க்கைத் துணைக்கும் அப்படியே.

டெக்சஸைச் சட்டபூர்வ வசிப்பிடமாகக் கொண்டு கலிஃபோர்னியாவின் சான் டியாகோவில் பணிபுரிந்த கடற்படை வீரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். விலகும் நாள் ஜூன் 30. சேர்த்து வைத்த விடுப்பை மே நடுவில் தொடங்கி, ஜூன் 1 அன்று அதே ஊரில் ஒரு நிறுவனத்தில் சேர்கிறார். விடுப்பிலிருந்தாலும் ஜூன் 30 வரை அவர் படையைச் சேர்ந்தவர்தான். டெக்சஸ் வசிப்பிடத்தை அவர் கைவிடாதவரை அதுவரையான படைச் சம்பளம் கலிஃபோர்னியாவின் வரிக்குள் வராது. ஜூன் மாத நிறுவனச் சம்பளமோ, அவர் இன்னும் வசிப்பாளராகாவிட்டாலும், அங்கே ஈட்டியது என்பதால் வரிக்கு உட்படும். அங்கேயே நிலைத்து வாழும் எண்ணத்தோடு தங்கிவிட்டால், ஜூலை முதல் அவருடைய வருமானம் முழுவதுமே கணக்கில் வரும். கையில் இருப்பதோ, வேலை தந்தவர்கள் ஆண்டுச் சம்பளத்தைக் காட்டித் தரும் இரண்டே டபிள்யூ-2 படிவங்கள். ஜூன் மாதத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழும் இந்த இரு சம்பளங்களில் எவ்வளவு எந்த மாதத்துக்குரியது என்று பிரித்துக் காட்ட அவற்றில் இடமில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. வசிப்பாளரல்லாதோரும் பகுதியாண்டு வசிப்பாளரும் நிரப்பும் கலிஃபோர்னியாவின் 540என்ஆர் படிவத்தில் வரி விகிதம் ஆண்டு முழுவதற்குமான மொத்த வருமானத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது. ஆனால் வசிப்பாளரல்லாத வீரரின் படைச் சம்பளத்தைச் சேர்த்து அவருடைய பிற வருமானத்தின் மீதான வரியை உயர்த்தக்கூடாது என்று மேற்சொன்ன கூட்டாட்சிச் சட்டமே தடுக்கிறது. ஆகவே இணைப்பு அட்டவணையில் அத்தொகையைக் கழித்து, ஓரத்தில் 'MPA' (படைச் சம்பளச் சரிக்கட்டல் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று எழுத வேண்டும். வழி சரியானதுதான், ஆனால் இது தெரியாமல் கூடுதல் வரி கட்டிவிட்டுப் போகிறவர்களை நினைத்தால் மனம் பொறுப்பதில்லை. எட்டு மணிநேர வேலை முடிந்து, குழந்தையையும் தூக்கிக்கொண்டு வரும் ஒருவர் அந்த மூன்றெழுத்தை எங்கே தேடுவார்?

நேர்மாறான தவறும் நடக்கிறது. வர்ஜீனியாவைச் சட்டபூர்வ வசிப்பிடமாக வைத்துக்கொண்டு டெக்சஸில் பணிபுரிந்து ஊர் திரும்புபவர், 760பிஒய் என்னும் பகுதியாண்டுப் படிவத்தைக் கேட்கிறார். சட்டத்தின் பார்வையில் அவர் வர்ஜீனியாவை விட்டுப் போகவே இல்லை. முழு ஆண்டு வசிப்பாளராகவே தாக்கல் செய்ய வேண்டும்.

என் வேண்டுகோள் பெரிதல்ல. பகுதியாண்டுப் படிவத்தின் முதற்பக்கத்திலேயே, இந்த ஆண்டு படையிலிருந்து விலகினீர்களா, எந்த நாளில், அதுவரை உங்கள் சட்டபூர்வ வசிப்பிடம் எது என்று கேளுங்கள். விலகிய நாள், படையிலிருந்து விலகுவோருக்குத் தரப்படும் டிடி-214 சான்றின் 12பி கட்டத்தில் அச்சிடப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்து எழுதுவது எவருக்கும் எளிது. அந்நாள் வரையான படைச் சம்பளத்தை எழுதப் படிவத்தில் தனி இடம் ஒன்றை ஒதுக்குங்கள். கூட்டாட்சிக் கணக்கோடு தொகை ஒத்துவரவில்லை என்று கடிதம் அனுப்பும்போது, நிலுவைத் தொகையைக் குறிப்பிடுவதற்கு முன்பாக, அந்தச் சான்றின் நகலைக் கேட்டுப் பெறுங்கள்.

இப்படிக்கு,
வரித் தாக்கல் உதவித் தன்னார்வலர் ஒருவர்